வெள்ளிக்கிழமை மதியம் ஜெயிச்ச சர்வர்

முதல்லயே நானே சொல்லிடறேன். வேற யாராச்சும் சொல்லி நீங்க கேட்டா இன்னும் அசிங்கமா இருக்கும். ஒரு தப்பான நம்பருக்கு கேக் வெட்டினவன் நான்.

சின்ன கேக்னு நினைச்சுடாதீங்க. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல எங்க ஆபீஸுக்குக் கீழ இருக்கிற கடையில சொல்லி வச்சு, மேல சிவப்பா ஒரு குட்டிச்சாத்தான் படம் போட்டு, கொம்பு, வால், கையில சூலாயுதம் எல்லாத்தையும் க்ரீம்லயே செய்யச் சொல்லி, ஆபீஸ் முழுக்கக் கூப்பிட்டு வெட்டினேன். ஆர்டர் எடுத்த ஆன்டி என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க.

"மகனுக்கு பர்த்டேவா?"

"இல்ல ஆன்டி, எனக்குத்தான். பர்த்டே இல்ல. ஜெயிச்சிட்டேன்."

"பேய் படம் போட்டு கேக் வெட்டுற வயசா உனக்கு? முடியெல்லாம் வெளுத்துப் போச்சு."

அந்தக் குட்டிச்சாத்தான் யாருன்னு சொல்லணும். நீங்க போன்ல வீடியோ பார்க்கிறீங்கல்ல, அதை எங்கேயோ ஒரு ரூம்ல இருக்கிற மெஷின் எடுத்துக் குடுக்குது. அதுதான் சர்வர். அந்த மெஷினுக்குள்ள உட்கார்ந்து, யாருக்கு முதல்ல குடுக்கறது, யாரைக் கொஞ்சம் நிக்கச் சொல்றதுன்னு வேலை வாங்குற மேனேஜர்தான் ஆபரேட்டிங் சிஸ்டம். இதுல லினக்ஸ்னு ஒண்ணு. ஊர் உலகம் பூரா அதைத்தான் போடுது. இன்னொண்ணு பிஎஸ்டி. அதைப் போடுறவங்க கொஞ்சம் பேரு, ஆனா சத்தம் ரொம்ப. அந்தச் சத்தத்துல பாதி நான்தான். குட்டிச்சாத்தான் எங்க கட்சிச் சின்னம்.

எந்த சிஸ்டம் வேகம், எது ஆயிரக்கணக்கான ஆளுங்க ஒரே நேரத்துல வந்தா தாங்கும்னு இன்டர்நெட்ல சண்டை போட்டே என் இளமை போச்சு. ஃபின்லாந்துலயோ பிரேசில்லயோ உட்கார்ந்திருக்கிற முகம் தெரியாத ஆள்கிட்ட, "உன் டெஸ்ட்டே தப்பு, நீ அளந்த விதமே நியாயமில்ல"ன்னு பக்கம் பக்கமா எழுதுவேன். எழுதி முடிச்சுத் திரும்பினா என் பொண்டாட்டி, "குப்பை எடுத்து வெளிய வச்சீங்களா?"ன்னு கேட்பா. வச்சிருக்க மாட்டேன். அடுத்தவன் அளக்கிறது நியாயமா இல்லையான்னு கண்டுபிடிக்கிறதுல என்னைவிட ஆள் கிடையாதுன்னு எனக்கு ஒரு நெனப்பு. இதை ஞாபகத்துல வச்சுக்கிட்டு மேல படிங்க.

எங்க கம்பெனி சின்னது. ஒரு கடைவீட்டு மேல்மாடி. முன்னால ஆபீஸ், பின்னால ஏர்கான் போட்ட ஒரு ரூம், அதுல சர்வருங்க. கல்யாண வீடியோ, கோயில் நேரலை, டியூஷன் பாடம், இப்படி மத்தவங்க வீடியோவை நாங்க ஏத்தி வச்சு ஊருக்குக் குடுக்கறோம். பாஸ் கிள்ளான்காரரு. என்னைவிட வயசுல சின்னவரு, அதனால எனக்கு சம்பளம் குடுத்துக்கிட்டே அண்ணேன்னு கூப்பிடுவாரு. பின்னாடி ரூம்ல ஓடுற எல்லா மெஷின்லயும் பிஎஸ்டி. நான் போட்டது, நான் வளர்த்தது.

அங்கதான் திருச்சி வந்து சேர்ந்தா. ஊர் பேரே பேராயிடுச்சு. தமிழ்நாட்டுலேர்ந்து வேலை பெர்மிட்ல வந்த பொண்ணு, முப்பது தாண்டியிருக்கும், செராஸ்ல வீடு. புருஷனும் சின்ன மகளும் கூட இருக்காங்க. முழுக்க முழுக்க லினக்ஸ். வந்த புதுசுல என்னை சார்னு கூப்பிட்டா.

"இங்க யாரும் சார் இல்லம்மா. அண்ணேன்னு கூப்பிடு."

"சரிங்கண்ணே. இந்த மெஷின்ல ஏன் இன்னும் இந்தப் பழைய சிஸ்டத்தை வச்சிருக்கீங்க?"

சார்னே கூப்பிட்டிருக்கலாம்.

அன்னையிலேர்ந்து தினமும் சண்டைதான். பசியாறுற நேரத்துல ரொட்டி சானாயைப் பிச்சுக்கிட்டே சண்டை. நான், "உன் லினக்ஸ் கூட்டம் வந்தா தடுமாறும்"னு சொல்வேன். அவ, "அண்ணே, நீங்க சொல்ற லினக்ஸ் நான் ஸ்கூல் படிக்கிறப்ப இருந்த லினக்ஸ்"னு சொல்வா. எனக்கு அந்தச் சண்டை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. பிரேசில்காரன்கிட்ட போடுற சண்டையில ரொட்டி சானாய் கிடைக்காது.

இப்படி இருக்கிறப்ப பாஸ் ஒரு பெரிய வேலை பிடிச்சாரு. கிள்ளான்ல பல கிளை வச்சிருக்கிற ஒரு டியூஷன் சென்டர். பரீட்சைக்கு முன்னாடி அத்தனை பிள்ளைங்களும் ஒரே நேரத்துல பாட வீடியோவைத் திறப்பாங்க. அப்ப எதுவும் நிக்கக் கூடாது. புது மெஷின் வாங்கறோம், அதுல எந்த சிஸ்டம்னு கேள்வி வந்துச்சு. நான் பிஎஸ்டின்னேன். திருச்சி லினக்ஸ்னா. பாஸுக்குத் தலைவலி.

"அண்ணே, நீங்க ரெண்டு பேரும் பேசறது எனக்குப் பாதி புரியல. ஆளுக்கு ஒரு டெஸ்ட் போடுங்க. எது வேகமோ அதைப் போட்டுக்கலாம். எனக்கு ஒரே ஒரு நம்பர் குடுங்க போதும்."

அன்னைக்கு சாயங்காலம் கீழ ஒட்டுக்கடையில தே தாரிக் குடிக்கிறப்பதான் திருச்சி சொன்னா. அவ பெர்மிட் முடியப் போகுது. புதுப்பிக்கணும்னா, இந்த ஊர் ஆள் செய்ய முடியாத வேலையை இவ செய்யறான்னு பாஸ் காரணம் காட்டணும். லினக்ஸ் போட்டா, அதைப் பார்த்துக்க அவதான் வேணும். பிஎஸ்டின்னா, அதுக்குத்தான் நான் இருக்கேனே.

"பாஸ் வெளிப்படையாவே சொல்லிட்டாருண்ணே. பிஎஸ்டி ஜெயிச்சா, பெர்மிட்டுக்கு எழுத அவர்கிட்ட ஒண்ணும் இல்லையாம். என் பொண்ணு இப்பத்தான் கிண்டர்ல மலாய்ப் பாட்டு பாட ஆரம்பிச்சிருக்கா. எங்களுக்கே ஒரு வரி புரியல, அவ முழுசா பாடறா."

"சும்மா இரும்மா, அதெல்லாம் ஆகாது"ன்னு சொன்னேன். சொல்லிட்டு, மனசுக்குள்ள 'ஆனாலும் பிஎஸ்டிதான் ஜெயிக்கும்'னு நெனச்சேன். அப்படிப்பட்ட நல்லவன் நான்.

டெஸ்ட் இதுதான். முன்னாடி ஆபீஸ்ல இருக்கிற ஒரு கம்ப்யூட்டர், ஆயிரக்கணக்கான ஆளுங்க வர்ற மாதிரி பொய்யா கூட்டம் அனுப்பும். பின்னாடி ரூம்ல இருக்கிற சர்வர் ஒரு செகண்டுக்கு எத்தனை பேருக்குப் பதில் சொல்லுதுன்னு எண்ணணும். திருச்சி திங்கக்கிழமை காலையில அவ டெஸ்ட்டைப் போட்டா. ஒரு நம்பர் வந்துச்சு. மோசமில்ல, பிரமாதமும் இல்ல.

நான் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளிக்கிழமை மதியம் நம்ம ஆபீஸுங்க எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். மலாய்க்காரங்க தொழுகைக்குக் கிளம்பிடுவாங்க. நம்ம ஆளுங்க, வெள்ளிக்கிழமை சைவம், வாழை இலைக் கடையில இடம் கிடைக்காதுன்னு அவங்களுக்கும் முன்னாடியே படி இறங்கிடுவாங்க. மிச்சம் இருக்கிற சீனப் பசங்க, "எல்லாரும் போயாச்சு, நாம மட்டும் யாருக்கு வேலை பார்க்கிறது"ன்னு அவங்களும் காலி. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அப்பளம், பாயாசம், மோர் மிளகா அத்தனையும் தியாகம் பண்ணிட்டு, பிஸ்கட்டைக் கடிச்சுக்கிட்டு டெஸ்ட்டை ஓட விட்டேன்.

நம்பர் வந்துச்சு பாருங்க. திருச்சியோடதைப் போல ஒண்ணரை மடங்கு. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்னுட்டேன். ஆபீஸ்ல யாரும் இல்லாததால ஏர்கானைப் பார்த்து, "பார்த்தியா?"ன்னேன்.

அடுத்த வாரம் கேக். வெட்டுறப்ப பாஸ் கை தட்டினாரு, "அண்ணே, வர்ற திங்கக்கிழமை கிள்ளானுக்குச் சொல்லிடறேன், பிஎஸ்டிதான்"னாரு. திருச்சி குட்டிச்சாத்தானோட வால் பக்கம் ஒரு துண்டு வாங்கிக்கிட்டா. "நல்லா இருக்குண்ணே"ன்னா. கேக்கைச் சொன்னாளா நம்பரைச் சொன்னாளான்னு நான் கேட்கல. அப்ப எனக்கு அவ பெர்மிட் ஞாபகம் வந்துச்சு. இல்லன்னு சொன்னா பொய். ஆனா டெக்னாலஜி டெக்னாலஜிதான், நம்பர் நம்பர்தான், நான் என்ன பண்றதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு இன்னொரு துண்டு எடுத்தேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை எனக்கு ஆசை விடல. அந்த நம்பரைத் திரும்ப எடுத்து, படம் பிடிச்சு, பிரேசில்காரன் மூஞ்சியில வீசணும். எல்லாரும் போனதும் ஓட்டினேன். அதே பெரிய நம்பர். ஆனா படம் பிடிச்சது மங்கலா வந்துடுச்சு. அதுக்குள்ள ஆளுங்க ஒவ்வொருத்தரா திரும்பி வர ஆரம்பிச்சுட்டாங்க. பரவாயில்லன்னு இன்னொரு தடவை ஓட்டினேன். நம்பர் விழுந்துடுச்சு. திரும்ப ஓட்டினேன், இன்னும் கீழ. மெஷின் கெட்டுப் போச்சுன்னு நெனச்சு ரீஸ்டார்ட் பண்ணினேன். ஃபேன்ல இருந்த தூசியை ஊதினேன். கேபிளைப் பிடுங்கி சட்டையில துடைச்சுத் திரும்பச் செருகினேன். நான் பண்ணாதது சூடம் காட்டறது ஒண்ணுதான்.

எங்க நெட்வொர்க்கைப் பார்த்துக்கிறவரு ஒரு மலாய்க்கார அண்ணன், அபாங்னு கூப்பிடுவோம். பாஜு மெலாயு உடுப்பும் தலையில சொங்கோக் தொப்பியுமா தொழுகை முடிஞ்சு உள்ள வந்தவரு, நான் மெஷினை முத்தம் குடுக்கிற மாதிரி குனிஞ்சிருக்கிறதைப் பார்த்துட்டு நின்னுட்டாரு. அவர் மலாய்ல பேசினதை எனக்கு வந்த தமிழ்ல சொல்றேன்.

"என்ன பொஸ், மெஷினுக்குக் காய்ச்சலா?"

"போன வாரமும் பறந்துச்சு, இப்ப கொஞ்சம் முன்னாடியும் பறந்துச்சு அபாங். இப்ப நொண்டுது."

அவர் சொங்கோக்கைக் கழட்டி மேசையில வச்சுட்டு, அவர் ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினாரு. ஆபீஸ்லேர்ந்து பின்னாடி ரூமுக்குப் போற ஒரே லைன்ல எவ்வளவு போக்குவரத்துன்னு காட்டற படம் அது. மதியம் முழுக்க தரையோட தரையா படுத்துக் கிடந்த கோடு, ஆளுங்க திரும்பி வந்ததும் மலை மாதிரி ஏறியிருந்துச்சு.

"எல்லாரும் சாப்பிட, மக்கான் போயிருந்தாங்க. லைன் கோசோங், சுத்தமா காலி. ஹரி ராயா பெருநாள் அன்னைக்கு ஃபெடரல் ஹைவேல போயிருக்கியா? ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் கம்பத்துக்கு, சொந்த ஊருக்குப் போயிருப்பாங்க. அன்னைக்கு கிள்ளான்லேர்ந்து கே.எல். வந்துட்டு, என் பழைய காடி எப்படிப் பறக்குது பார்த்தியான்னு சொல்வியா?"

திரும்ப அவரே கேட்டாரு.

"அந்தப் பொண்ணு எப்ப டெஸ்ட் போட்டா?"

"திங்கக்கிழமை காலையில."

"அலாமாக்."

திங்கக்கிழமை காலையிலதான் சனி ஞாயிறு கல்யாண வீடியோவெல்லாம் எங்க எடிட்டருங்க அதே லைன்ல பின்னாடி ரூமுக்கு ஏத்துவாங்க. வாரத்துலயே மோசமான நேரம். அந்த நெரிசல்ல மாட்டிக்கிட்டு நின்ன லினக்ஸ்கூட, யாருமே இல்லாத நேரத்துல ஓடின என் பிஎஸ்டியை ஒப்பிட்டு, நான் கேக் வெட்டியிருக்கேன். உலகத்துல எவன் எங்க டெஸ்ட் போட்டாலும் அது நியாயமில்லன்னு மோப்பம் பிடிக்கிற மூக்கு, என் சொந்த டெஸ்ட்ல அடைச்சுக்கிச்சு.

"இப்ப என்ன செய்யப் போற?"ன்னாரு அபாங்.

"தெரியல."

"யாரும் என்னைக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா யாரும் என்னைக் கேட்கல." சொல்லிட்டு நிதானமா காப்பி போடப் போயிட்டாரு.

கிள்ளான்ல இருக்கிற என் வீட்டுக்கு ரயில்ல போறப்ப யோசிச்சேன். சொல்லாம விட்டா யாருக்கும் தெரியாது. திங்கக்கிழமை பாஸ் ஆர்டர் குடுத்துடுவாரு, என் பிஎஸ்டி இன்னும் பல வருஷம் ராஜா. சொன்னா, கேக் வெட்டின வாயாலயே சொல்லணும். எனக்கு மானம் போறதைப் பத்திப் பெருசா கவலை இல்ல, அது பல தடவை போயிட்டு வந்திருக்கு. எனக்குப் பொறுக்காம இருந்தது வேற. இத்தனை வருஷமா முகம் தெரியாதவங்களை எல்லாம் நியாயமா அளக்கலன்னு திட்டியிருக்கேன். என் நம்பரை நம்பி ஒரு குடும்பம் ஊருக்குப் போகப் போகுது, அந்த நம்பரே பொய். வீட்டுக்கு வந்ததும் கேட்காமலே குப்பையை எடுத்து வெளிய வச்சேன். பொண்டாட்டி பயந்துட்டா. "உடம்பு சரியில்லையா?"ன்னா.

திங்கக்கிழமை காலையில பாஸ் போனைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடியே அவர் ரூமுக்குள்ள போயிட்டேன். திருச்சியையும் கூப்பிட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். பாஸ் நெத்தியைத் தேய்ச்சாரு.

"அண்ணே, கேக் தின்னாச்சு லா."

"தெரியும் பாஸ்."

"நான் கிள்ளான் டியூஷன்காரர்கிட்ட பாதி சொல்லிட்டேன். இப்ப என்னன்னு சொல்றது?"

"மீதிப் பாதியை அடுத்த வாரம் சொல்றேன்னு சொல்லுங்க. திரும்ப ஒழுங்கா டெஸ்ட் போடறோம்."

திருச்சி சந்தோஷப்படுவான்னு நெனச்சேன். கண்ணு கலங்கும், 'அண்ணே நீங்க பெரிய மனுசன்'னு சொல்லுவா, நான் 'சேச்சே'ன்னு சொல்லலாம்னு ரயில்லயே ஒத்திகை பார்த்து வச்சிருந்தேன். அவ மூஞ்சி சிவந்துடுச்சு.

"சார்."

சார் திரும்பி வந்துடுச்சு.

"போன வாரம் பூரா எங்க வீட்டுல பரண்லேர்ந்து சூட்கேஸை இறக்கித் துடைச்சுக்கிட்டிருக்கோம் சார். என் வீட்டுக்காரர் ஊர்ல ஸ்கூலுக்கு போன் போட்டு அட்மிஷன் கேட்டுட்டாரு. நீங்க கேக் வெட்டுறீங்க. இன்னொரு டெஸ்ட்டா? சரி. ஆனா இந்தத் தடவை விதியை நான் சொல்றேன்."

சொன்னா. ஒரே மெஷின். டிஸ்க்கை மட்டும் மாத்தி மாத்திப் போடணும், அவளுக்கு நல்ல மெஷின் எனக்கு மட்ட மெஷின்னு யாரும் சொல்லக் கூடாது. ஆபீஸ் லைன் வேணாம், டெஸ்ட்டுக்குன்னு தனி நெட்வொர்க் ஸ்விட்ச், தனி கேபிள். என்னோடது ஒரு தடவை, அவளோடது ஒரு தடவை, திரும்ப அவளோடது, திரும்ப என்னோடதுன்னு கலந்து ஓடணும். ஒரு தடவை வந்த நம்பரை யாரும் வாயில எடுக்கக் கூடாது. அபாங் நடுவர். அபாங் தலையாட்டினாரு, நடுவருக்கு தினமும் நாசி லெமாக் சோறு உண்டான்னு மட்டும் கேட்டுக்கிட்டாரு.

செட்டிங்ஸ்லதான் பெரிய சண்டை வந்துச்சு. அவ, "பெட்டியிலேர்ந்து எடுத்தபடியே ரெண்டையும் ஓட்டுவோம்"னா. நான், "பெட்டியிலேர்ந்து எடுத்தபடியே யாரு ஓட்டுறா? வாங்கின சட்டையில பின்னு குத்தியிருக்கிறதோட போட்டுக்கிட்டா போவோம்?"னேன்.

"அப்ப நீங்க இத்தனை வருஷம் ஊட்டி வளர்த்த பயில்வானும், நான் இன்னைக்கு பஸ்லேர்ந்து இறக்கின பிள்ளையும் சண்டை போடணுமா?"

கடைசியில அபாங்தான் தீர்ப்பு சொன்னாரு. ரெண்டு பேரும் அவங்கவங்க சிஸ்டத்தை எப்படி வேணும்னாலும் சீர் பண்ணிக்கலாம். ஆனா பண்ணினது எல்லாத்தையும் எதிராளி உட்கார்ந்து படிச்சுப் பார்க்கணும். படிச்சவங்க சரின்னு சொன்னாத்தான் டெஸ்ட் ஓடும்.

முதல்ல அவ என்னோடதைப் படிச்சா. படிச்சுட்டே வந்தவ நின்னா.

"அண்ணே, உங்க சர்வர் யாரு வந்தா, என்ன கேட்டான்னு பதிவே பண்ணல. என்னோடது ஒவ்வொண்ணையும் எழுதிட்டுத்தான் அடுத்த ஆளைப் பார்க்குது."

எப்பவோ ஒரு தடவை டிஸ்க் நெறைஞ்சு போச்சுன்னு அணைச்சு வச்சது. திரும்பப் போட மறந்தே போச்சு. சத்தியமா திருட்டுத்தனம் இல்ல. ஆனா பில் போடாம சாப்பாடு குடுக்கிற கடை வேகமாத்தானே இருக்கும்.

"போட்டுடறேன்மா."

"போடுங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

அடுத்து அவளோடதை நான் படிச்சேன். சுத்தமா இருந்துச்சு, பொறாமையா இருந்துச்சு. படிச்சுக்கிட்டே போனப்ப ஒரு இடத்துல என் விரல் நின்னுடுச்சு. ஒரே நேரத்துல எத்தனை பேருக்குக் கதவு திறக்கலாம்னு ஒரு வரம்பு உண்டு. அதை அவ சரியா ஏத்தி வச்சிருந்தா. ஆனா சர்வர் எழும்புறப்ப இன்னொரு ஃபைல் வந்து அதைச் சத்தமில்லாம பழையபடி குறைச்சுடும். கொஞ்சம் கூட்டம் இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. நெசமான கூட்டம் வந்தா, அவ லினக்ஸ் கதவைச் சாத்திட்டு நிக்கும். பிஎஸ்டி ஜெயிச்சிடும். நியாயமாவே ஜெயிச்ச மாதிரி இருக்கும். நான் படிச்சுப் பார்த்து சரின்னு சொன்னதுக்குப் பிறகு.

எனக்கு எப்படித் தெரியும்னு கேட்பீங்க. இங்க இன்னொரு வெட்கம். என் வீட்டுல, பிள்ளைங்க பாட்டு படமெல்லாம் வச்சிருக்கிற மெஷின்ல ரகசியமா லினக்ஸ்தான் ஓடுது. அதுல இதே குழியில விழுந்து ஒரு லீவு நாள் முழுக்க முடியைப் பிய்ச்சுக்கிட்டவன் நான்.

அபாங் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிச்சுக்கிட்டிருந்தாரு. திருச்சி என் விரலைப் பார்த்துக்கிட்டிருந்தா.

"என்னண்ணே?"

"இங்க பாரு. நீ இங்க ஏத்தியிருக்க. அந்த ஃபைல் அதை இறக்குது. கூட்டம் வந்தா உன்னோடது படுத்துடும்."

அவ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தா. ரெண்டு தடவை பார்த்தா. அப்புறம் என்னை ஒரு பார்வை.

"ஏன் சொல்றீங்க? விட்டிருந்தா ஜெயிச்சிருப்பீங்கல்ல?"

"படிச்சுப் பாருன்னுதானே சொன்னாங்க, படிச்சேன்"னேன். அவ திருத்தினா. நான் சரின்னேன்.

டெஸ்ட் ஓடிச்சு. மாத்தி மாத்தி, நாள் முழுக்க. கூட்டம் கம்மியா இருந்தப்ப ரெண்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைங்க மாதிரி, வித்தியாசமே இல்ல. நடுவுல ஒரு கட்டத்துல என் பிஎஸ்டி லேசா முன்னால போச்சு. நான் மேசையைத் தட்டினேன். அபாங் முறைச்சாரு. கூட்டத்தை இன்னும் ஏத்தினோம், பரீட்சைக்கு முந்தின நாள் மாதிரி. அங்க லினக்ஸ் மெதுவா, ஆனா ஒவ்வொரு தடவையும், என்னோடதைத் தாண்டிச்சு. பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும். அதுக்கு மேல ஜெயிச்சது யாருன்னு வாதாட எனக்கே வாய் வரல. எனக்கு வாய் வரலன்னா பார்த்துக்குங்க.

தோத்துட்டேன். ஆனா உண்மையைச் சொல்லவா? ரெண்டு சிஸ்டத்தோட கோடும் இருக்கிற படத்தைப் பார்த்துக்கிட்டு நான் நின்னப்ப என் நெஞ்சு விரிஞ்சு சட்டைப் பட்டன் தெறிச்சிடும் போல இருந்துச்சு. இத்தனை வருஷச் சண்டையில இப்படி ஒரு டெஸ்ட்டை நான் பார்த்ததே இல்ல. எவன் வந்து எந்தப் பக்கம் தட்டினாலும் ஆடாத டெஸ்ட். அதுல என் கையும் இருக்கு. என்னை நானே தோக்கடிக்கிற அளவுக்கு நல்லா அளந்திருக்கேன். தோத்த மெஷினும் தலை குனியுற மாதிரி தோக்கல, அதையும் சேர்த்துச் சொல்லிக்கிறேன்.

பாஸ் கிள்ளானுக்கு லினக்ஸ்னு சொன்னாரு. திருச்சியோட பெர்மிட்டுக்கு எழுத அவர்கிட்ட இப்ப விஷயம் இருந்துச்சு. அவ வேலையை விளக்கி எழுதிக் குடுங்கண்ணேன்னு என்னையே கேட்டாரு. எழுதினேன். லினக்ஸைப் புகழ்ந்து ஒரு பக்கம். என் கை ஒவ்வொரு வரிக்கும் என்னைத் திட்டிச்சு. பெர்மிட் வந்துடுச்சு. சூட்கேஸ் பரண் ஏறிடுச்சு. பரீட்சை சமயத்துல கிள்ளான் பிள்ளைங்க அத்தனை பேரும் ஒண்ணா வந்து மோதினாங்க, திருச்சியோட மெஷின் அசையல. அன்னைக்கு ரயில்ல பள்ளிக்கூடச் சீருடையில ஒரு பொண்ணு போன்ல பாடம் பார்த்துக்கிட்டிருந்துச்சு, நிக்காம ஓடுது. நான் எட்டி எட்டிப் பார்த்துப் பூரிச்சுப் போனேன். பக்கத்துல இருந்த அதோட அம்மா, கைப்பையை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க.

இப்ப எங்க கம்பெனியில ஒரு பழக்கம் நிலைச்சுப் போச்சு. எந்த வேக நம்பரும், எதிர்க்கட்சி ஆள் செட்டிங்ஸைப் படிச்சுப் பார்க்காம ஆபீஸ் வாசலைத் தாண்டாது. புதுசா வர்றவங்களுக்கு இதைச் சொல்லிக் குடுக்கறப்ப நான் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் மசாலா சேர்த்துத்தான் சொல்லுவேன். சொல்ற விதத்துல, தோத்தது யாருன்னு கேட்கிறவங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் விளங்காது.

போன மாசம் பங்சார்லேர்ந்து ஒரு புது கஸ்டமர் வந்திருந்தாரு. அவரை வாழை இலைச் சாப்பாட்டுக்கு அழைச்சுட்டுப் போனோம். ரசம் ஊத்துற நேரத்துல நான் கதையை ஆரம்பிச்சேன். வரம்பைக் காட்டின இடத்துல குரலைத் தாழ்த்தினேன். "விட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். ஆனா ஒரு குடும்பத்தோட வாழ்க்கையாச்சே பாஸ்"னு சொல்லி, மேல ஃபேனைப் பார்த்தேன். கஸ்டமர் உருகிட்டாரு. "நீங்கதான் இவங்களைக் காப்பாத்தியிருக்கீங்க அண்ணே"ன்னாரு. நான் 'சேச்சே'ன்னு சொல்ல வாயைத் திறந்தேன்.

எதிர்ல திருச்சி மோர் மிளகாயைக் கடிச்சுக்கிட்டிருந்தா. மென்னு முழுங்கிட்டுச் சொன்னா:

"என்னை யாரும் காப்பாத்தல. நீங்க தப்பா அளந்தீங்க, அப்புறம் சரியா அளந்தீங்க, அதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம். ஜெயிச்சது நானு. சாப்பிடுங்கண்ணே."